தோட்டத்து ரோஜாவை வரைவது: வேலூர்ப் பக்கம் தாவர ஓவியம் பழகுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று நம் வட்டாரத்தில் தாவர ஓவியம் பழக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுத்துக்கொண்டு வருவது ரோஜாவைத்தான். வாசலில் ஒரு தொட்டியாவது இல்லாத வீடு குறைவு. அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

தாவர ஓவியம் என்றால் என்ன? பூ ஓவியம் வேறு, இது வேறா?

வேறுதான். காலண்டரில் வரும் ரோஜா அழகாக இருந்தால் போதும். தாவர ஓவியத்தில் இருக்கும் ரோஜாவைப் பார்த்து, செடி தெரிந்த ஒருவர் "இது இன்ன வகை" என்று சொல்ல முடிய வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடு. பூ மட்டும் இருந்தால் போதாது. காம்பு, முள், இலை, மொட்டு, முடிந்தால் காய் எல்லாம் வேண்டும். பொதுவாக உண்மையான அளவிலேயே வரைவார்கள். பின்புலம் வெள்ளைக் காகிதம்தான்; ஜாடி, மேஜைத் துணி, பனித்துளி எதுவும் கிடையாது. வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வது பழைய வழக்கம்.

அறிவியல் நூலுக்கான படத்தில் பூவை நெடுக்காக வெட்டி மகரந்தத் தாள், சூலகம் எல்லாம் தனித்தனியாகக் காட்டுவார்கள். சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு அது கட்டாயமில்லை. ஆனால் ஒரு முறையாவது ஒரு பூவை வெட்டிப் பார்த்துவிட்டு வரையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த கையின் கோடு வேறு மாதிரி வரும்.

புதிதாகத் தொடங்குபவர் ரோஜாவில் தொடங்கலாமா?

வேண்டாம். நித்தியகல்யாணியில் தொடங்குங்கள், ஐந்து இதழ், தட்டையான பூ, நாள் முழுக்க அசையாமல் இருக்கும். ரோஜாவை விட மனம் வரவில்லை என்றால் ரோஜா இலையில் தொடங்குங்கள். ஒரே ஒரு கூட்டிலை, அதாவது ஒரே காம்பில் சிற்றிலைகள் சேர்ந்த ஒரு முழு இலை. அப்புறம் மொட்டு. அப்புறம் பாதி விரிந்த பூ. முழுதாக மலர்ந்த பூ கடைசியில்தான். இதைச் சொன்னால் முகம் வாடாத ஆளே இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

எந்த ரோஜாவை வரைவது? பன்னீர் ரோஸா, ஒட்டு ரோஜாவா?

என் வாக்கு பன்னீர் ரோஸுக்கு. ஒட்டுச்செடியில் வரும் பெரிய பூ எடுப்பாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பன்னீர் ரோஸில் வரைய வேண்டிய விஷயம் அதிகம்: இதழ்கள் கசங்கினாற்போல் நெருக்கமாக அடுக்கியிருக்கும், ஒரே கொத்தில் மொட்டும் பூவும் உதிர்ந்த பூவின் அடியும் சேர்ந்தே கிடைக்கும், காம்பு மெல்லிசு, இலை வெளிர்பச்சை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் பன்னீர் ரோஸ் என்று விற்பதைத் தோட்டக்கலைக்காரர்கள் எட்வர்ட் ரோஸ் என்பார்கள். இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரீயூனியன் தீவுக்கு அந்தக் காலத்தில் பூர்போன் என்று பெயர். அங்கே வேலியோரமாக வளர்ந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து உண்டான வகை இது. அந்தத் தீவிலிருந்து 1819இல் பாரிசுக்குப் போன விதைகளிலிருந்துதான் ஐரோப்பாவின் பூர்போன் ரோஜாக் கூட்டமே கிளம்பியது. ரோஜா ஓவியம் என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர் பியர் ஜோசப் ரெதூத்தே. அவரும் அந்தத் தீவு ரோஜாவை வரைந்திருக்கிறார். ஆக, உங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பது ஓவிய வரலாற்றில் ஏற்கெனவே இடம் பிடித்த குடும்பம். அதைத் தாண்டி ஓசூர்ப் பூவைத் தேடிப் போக வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

பட்டன் ரோஸ் சின்னது, அதனால் சுலபம் என்று நினைக்காதீர்கள். உண்மையான அளவில் வரையும்போது ஒவ்வொரு இதழ் விளிம்பும் முடி கனத்தில் வந்து நிற்கும்.

நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய பூவைப் பார்த்து வரையலாமா?

நிறம் பழகலாம், அவ்வளவுதான். உதிரிப் பூவில் காம்பும் இலையும் இருக்காது. பொக்கே கடையில் கிடைக்கும் நீளக்காம்பு ரோஜாவில் முள்ளைச் சீவியிருப்பார்கள், கீழ் இலைகளை உருவியிருப்பார்கள், அடிபட்ட வெளி இதழ்களைப் பிய்த்திருப்பார்கள். அதை அப்படியே வரைந்தால் நீங்கள் வரைவது செடியின் பூவாக இருக்காது, கடைக்காரர் திருத்திய பூவாக இருக்கும். மருந்து அடித்த பூக்கள் வேறு. தொட்ட கையைக் கழுவாமல் பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. சமவெளியில் ரோஜாவை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்து செய்வது வழக்கம். வெட்டி ஆறு, ஏழு வாரத்தில் புதுக்கிளையில் பூ வரத் தொடங்கும். இரவு குளிர்ச்சியாக இருக்கும் அந்த நாட்களில் பூ பெரிதாகவும் நிறம் ஆழமாகவும் இருக்கும், விரியவும் நேரம் எடுத்துக்கொள்ளும்.

கத்திரி வெயிலில் அதே செடியில் வரும் பூவைப் பாருங்கள். அளவு சிறுத்து, இதழ் குறைந்து, நிறம் வெளிறி, ஓரம் கருகியிருக்கும். இதழின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் நிறமி, வெப்பம் ஏறினால் குறைவாக உருவாகும். அதனால் "இந்த வகை ரோஜாவின் நிறம் இதுதான்" என்று மே மாதத்தில் முடிவு கட்டாதீர்கள். ஆனால் மே மாதத்தில் வரையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜனவரிப் பூவையும் மே பூவையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில், தேதியோடு வரைந்து வையுங்கள். வேலூரில் உட்கார்ந்து வரைபவருக்கு மட்டும் வாய்க்கும் படம் அது. ஐரோப்பியப் புத்தகங்களில் இருக்கும் ரோஜாவைப் பார்த்து நம் பூவைத் திருத்தி வரைவதைத்தான் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. அங்கே வாரக்கணக்கில் மெதுவாகப் பருக்கும் மொட்டு வேறு, இங்கே மார்ச் வெயிலில் சட்டென்று வெடிக்கும் மொட்டு வேறு. உங்கள் செடி என்ன காட்டுகிறதோ அதை அளந்து வரையுங்கள்.

வரைந்துகொண்டு இருக்கும்போதே பூ விரிந்துவிடுகிறது. என்ன செய்வது?

எல்லோருக்கும் இருக்கும் தலைவலி. சில ஏற்பாடுகள் செய்தால் சமாளிக்கலாம்.

முந்தின நாளே காகிதம், பென்சில், டிவைடர் எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். பூவை வெயில் ஏறும் முன்னே, ஐந்தரை ஆறு மணிக்கு வெட்டுங்கள். நீங்கள் வரைய நினைக்கும் நிலைக்கு ஒரு படி முந்தைய நிலையில் இருக்கும் பூவாகப் பாருங்கள். பாதி விரிந்த பூ வேண்டும் என்றால் கால்வாசி விரிந்ததை எடுங்கள். காம்பைச் சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில், பூவின் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை முங்கும்படி வைத்து, இருட்டான குளிர்ந்த இடத்தில் அரை மணி நேரம் விடுங்கள்.

நிறுத்தி வைக்க வாழைத்தண்டுத் துண்டு அருமையான பொருள். ஊதுபத்தி குத்துவதுபோல் காம்பைக் குத்தினால் அசையாது, ஈரமும் இருக்கும். பூ எந்தக் கோணத்தில் நின்றது என்று தண்டிலும் மேஜையிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், எடுத்து வைத்த பிறகு அதே கோணத்துக்குத் திரும்ப உதவும். உங்கள் நாற்காலியின் கால்களுக்கும் தரையில் சாக்பீஸ் குறி போடுங்கள். தலை நான்கு விரற்கடை நகர்ந்தாலே இதழ்களின் ஒழுங்கு மாறிவிடும்.

முதலில் பூவை மட்டும், பென்சிலில். மற்றதெல்லாம் பிறகு. இலையும் காம்பும் இரண்டு மூன்று நாள் கூட அப்படியே நிற்கும், பூ நிற்காது. பென்சில் வேலை முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் நிறங்களைக் கலந்து, எந்த இதழுக்கு எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பூ விரிந்தால் விரியட்டும். அதே செடியின் அடுத்த பூ நிறத்துக்கு உதவும், வடிவத்துக்கு உங்கள் பென்சில் படம் இருக்கிறது.

இரவு ஃபிரிட்ஜில் வைக்கலாம். பழங்களோடு மட்டும் வைக்காதீர்கள். மாம்பழம், வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் பூ சீக்கிரம் மூத்து உதிர்ந்துவிடும்.

நன்றாகத்தான் வரைகிறேன், ஆனாலும் "ரோஜா மாதிரி இல்லை" என்கிறார்கள். எங்கே தப்பு?

பெரும்பாலும் தப்பு பூவில் இருக்காது, பூவுக்குக் கீழேதான் இருக்கும். எல்லோரும் இதழிலேயே உயிரை விட்டுவிட்டு, மற்றதை மனப்பாடமாக வரைந்துவிடுகிறார்கள்.

புல்லி இதழிலிருந்து பார்ப்போம். ஒரு மொட்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் புல்லி இதழ் ஐந்து இருக்கும். ஐந்தும் ஒரே மாதிரி இல்லை. இரண்டுக்கு இரண்டு ஓரத்திலும் தாடி மாதிரி சின்னச் சின்னக் கிளைகள் நீட்டியிருக்கும். இரண்டுக்கு எந்த ஓரத்திலும் இருக்காது. மிச்சமுள்ள ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் தாடி. மொட்டாக மூடியிருந்தபோது எந்த ஓரம் வெளியே இருந்ததோ அங்கே தாடி முளைத்தது, பக்கத்துப் புல்லி இதழுக்கு அடியில் அடங்கிய ஓரம் மொழுக்கென்று நின்றுவிட்டது. அவ்வளவுதான் கணக்கு. ஐரோப்பாவில் இதை வைத்து "ஐந்து அண்ணன் தம்பிகள்" என்று பழைய விடுகதையே உண்டு. சில ஒட்டு வகைகளில் தாடி தேய்ந்துபோய் லேசாகத்தான் தெரியும்; லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஐந்தையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரைந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு எங்கோ இடிக்கும்.

அடுத்து முள். ரோஜா முள் தண்டின் தோலிலிருந்து வருவது. எலுமிச்சை முள்போல இலைக் கக்கத்தில் உட்கார்ந்திருக்காது. பக்கவாட்டில் கட்டை விரலால் தள்ளினால் "டக்" என்று சுத்தமாகப் பிரிந்து, ஒரு நீள்வட்டத் தழும்பை விட்டுவிட்டு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு முள் என்று கணக்காக வைக்காதீர்கள். எங்கே இருக்கிறதோ அங்கே வையுங்கள். அடிப்பாகம் அகலம், நுனி கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். இளம் முள் சிவந்திருக்கும், முற்றியது வைக்கோல் நிறத்துக்குப் போகும். இலைக்காம்பின் அடிப்பக்கத்திலும் குட்டிக் குட்டிக் கொக்கி முள் உண்டு, அதை விட்டுவிடுகிறார்கள்.

இலை: கூட்டிலை. ஒட்டு ரோஜாக்களில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலை, சிலவற்றில் ஏழு. ஆனால் பூவுக்கு நேர் கீழே வரும் இலையில் மூன்றோ ஒன்றோதான் இருக்கும். மேலிருந்து கீழ் வரை எல்லா இலையிலும் ஐந்து ஐந்தாக வரைந்தால் தப்பு. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறகு போன்ற இலையடிச் செதிலை மறக்கக் கூடாது. ரோஜாவுக்கு அது அடையாளக் கையெழுத்து. அப்புறம் இலைகள் தண்டில் சுற்றிச் சுற்றி ஏறும் முறையையும் கவனியுங்கள்: ஒரு இலையிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் ஆறாவது இலை ஏறக்குறைய அதற்கு நேர் மேலே வந்து நிற்கும்.

கடைசியாக, ஒட்டுச்செடிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து கிளம்பும் போத்து, வேர்ச்செடியின் கிளை. மேலே பூத்திருக்கும் ரோஜாவுடையது இல்லை. இலையின் வடிவம், நிறம், முள் எல்லாமே வேறாக இருக்கும். பளபளவென்று வளர்ந்து நிற்கிறதே என்று அந்த இலையை எடுத்து இந்தப் பூவுக்குக் கீழே வரைந்துவிட்டால் உலகத்தில் இல்லாத ஒரு செடி பிறந்துவிடும்.

இதழ் அடுக்கு குழப்புகிறது. எங்கிருந்து தொடங்குவது?

நடுவிலிருந்து. நடுச்சுருளில் தெளிவாகத் தெரியும் ஒரு இதழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதற்கு அடுத்தது, அடுத்தது என்று வெளியே வாருங்கள். வெளிவட்டத்தை முதலில் போட்டுவிட்டு உள்ளே நிரப்பினால் கடைசியில் நடுவில் இடம் போதாது, இல்லை மிஞ்சும். டிவைடரால் பூவின் அகலம், உயரம், நடுச்சுருளின் இடம் மூன்றையும் முதலில் குறித்துக்கொண்டால் போதும்.

இதழ் ஓரம் பின்னால் மடங்கும் இடத்தில் ஒரு கோடு போதாது. மடிப்புக்கு ஒரு கனம் உண்டு. அங்கே இதழின் பின்பக்க நிறம் தெரியும், அது பெரும்பாலும் முன்பக்கத்தைவிட வெளிர். அந்த மெல்லிய பட்டையைக் காகிதத்தின் வெள்ளையாகவே விட்டுவைத்து, கடைசியில் லேசாக நிறம் தொட்டால் பூ எழும்பி நிற்கும்.

ட்ரேசிங் தாளில் வரைந்து திருத்தி, சரியான பிறகு நல்ல காகிதத்துக்கு மாற்றுங்கள். நல்ல காகிதத்தில் ரப்பர் போட்டுப் போட்டு அழித்தால் மேல்பரப்பு பஞ்சாகிவிடும், வண்ணம் திட்டுத்திட்டாக இறங்கும்.

ரோஸ் நிறத்துக்கு எந்த வண்ணம் வாங்குவது?

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், ட்யூபின் முதுகில் இருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

ரோஜாவுக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும் நிறங்கள்தான் மோசமாக வெளுக்கும். அலிசரின் கிரிம்சன் என்று பிஆர் 83 (PR 83) எண்ணோடு வருவது, அசல் ரோஸ் மேடர், கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன், கண்ணைப் பறிக்கும் ஓபரா ரோஸ், நான்குமே வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்காதவை. ஓபரா ரோஸில் இருக்கும் ஒளிரும் சாயம்தான் முதலில் போகும். இவற்றுக்குப் பதில் குயினாக்ரிடோன் ரோஸ், அதாவது பிவி 19 (PV 19) வாங்குங்கள். கொஞ்சம் ஊதா சாய்ந்த ரோஜாவுக்கு பிஆர் 122. இந்த இரண்டோடு ஒரு குளிர்ந்த மஞ்சள் (பச்சை சாய்ந்தது), ஒரு சூடான மஞ்சள் (ஆரஞ்சு சாய்ந்தது), அல்ட்ராமரின் நீலம், ஒரு ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு இருந்தால் வேலூரில் பூக்கும் எந்த ரோஜாவையும் வரைந்துவிடலாம்.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். ஒரு காகிதப் பட்டையில் உங்கள் சிவப்புகளை எல்லாம் தடவி, பாதியை அட்டையால் மூடி, ஏப்ரல் மாதம் மேற்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். ஜூனில் அட்டையை எடுத்தால் எது நிற்கும், எது ஓடும் என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு நம் ஊரைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம்.

இதழ்களுக்கு நடுவே நிழல் போட்டால் அழுக்காகத் தெரிகிறது.

சாம்பலையோ கறுப்பையோ கலந்திருப்பீர்கள். ரோஜாவின் உள்ளடுக்கை உற்றுப் பாருங்கள்: இரண்டு இதழ்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் இருட்டு இருக்கும், ஆனால் சாம்பல் நிறம் இருக்காது. ஒரு இதழில் பட்ட வெளிச்சம் அடுத்த இதழில் பட்டு, அது மறுபடி இதில் பட்டு, ஒவ்வொரு தடவையும் நிறத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. அதனால் ஆழமான இடம் இன்னும் செறிவாக, இன்னும் சூடாக இருக்கும். இளஞ்சிவப்புப் பூவின் இடுக்கில் கிட்டத்தட்ட ஆரஞ்சு தெரியும். அங்கே பிவி 19இல் ஒரு துளி சூடான சிவப்பு கலந்து வையுங்கள். குளிர்ந்த, ஊதா சாய்ந்த நிழல் வெளி இதழ்களின் முதுகில்தான் வரும்.

கருஞ்சிவப்பு ரோஜாவுக்கு ஒரே பூச்சில் கருமையைக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். மெல்லிய பூச்சு ஒன்று, காயட்டும், அதன் மேல் இன்னொன்று என்று ஏற்றுங்கள். கடைசி ஆழத்துக்குச் சிவப்பில் கொஞ்சம் கரும்பச்சை சேர்த்தால் போதும். வெள்ளை ரோஜாவில் நிழல் என்பது பெரும்பாலும் பக்கத்து இலையின் பச்சையும் இதழ் அடியின் மஞ்சளும்தான், மிக மிக நீர்த்து. மஞ்சள் ரோஜா கஷ்டம். நிழலில் ஊதா கொஞ்சம் அதிகமானாலும் சேறாகிவிடும். மஞ்சளைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இலைப் பச்சை?

ட்யூபில் வரும் பச்சையை அப்படியே போடாதீர்கள். நீலமும் மஞ்சளும் கலந்து, ஒரு சிட்டிகை உங்கள் ரோஜாச் சிவப்பையே சேருங்கள். பூவும் இலையும் ஒரே செடியாகச் சேர்ந்து நிற்கும். முற்றிய இலையில் வானம் பட்டு நீலமாக மின்னும் இடத்தை முதலில் வெளிர் நீலப் பூச்சாகப் போட்டு விட்டுவிடுங்கள். இளந்தளிர் செம்பழுப்பாக இருக்கும், அதைப் பச்சையாக்கிவிட வேண்டாம். அடிப்பக்கம் எப்போதும் வெளிர்.

எந்தக் காகிதம், எந்த பிரஷ்?

முழுப் பருத்திக் காகிதம், ஹாட் பிரஸ் (மேல்பரப்பு வழவழப்பானது), கனம் 300 ஜிஎஸ்எம். சொரசொரப்பான காகிதத்தில் முள்ளின் நுனி வராது. பிரஷ், நுனி கூடும் உருண்டை பிரஷ் நடுத்தர அளவில் ஒன்று, சின்னதாக ஒன்று போதும். பணம் குறைவாக இருந்தால் காகிதத்துக்குக் கொடுத்துவிட்டு பிரஷில் சிக்கனம் பிடியுங்கள். செயற்கை முடி பிரஷ்களே இப்போது நன்றாக வருகின்றன.

வெயில் காலத்தில் பூச்சு உடனே காய்ந்து கோடு விழுகிறது.

தலைக்கு மேல் ஓடும் ஃபேன்தான் முதல் எதிரி. பூச்சு போடும் அந்த ஓரிரு நிமிடம் நிறுத்துங்கள், பிறகு போட்டுக்கொள்ளுங்கள். முழு இதழுக்கும் முதலில் வெறும் தண்ணீர் பூசி, மினுமினுப்பு அடங்கும் சமயம் வண்ணத்தை விடுங்கள். பெரிய இதழை ஒரே மூச்சில் போடாமல் நரம்பு ஓடும் இடத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஈரப்பூச்சு வேலைகளைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, பகலில் உலர்ந்த பிரஷ் வேலையை (அதிகம் தண்ணீர் இல்லாமல் போடும் நுண்கோடுகளை) வைத்துக்கொள்வது என் வழக்கம். தட்டில் வண்ணம் காய்ந்துகொண்டே இருந்தால் ஈரத்துணியைப் பக்கத்தில் வையுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். நம் பக்கம் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. வாளியில் வெள்ளையாகப் படியும் தண்ணீராக இருந்தால், பூச்சிலும் நிறமி பொடிப்பொடியாகத் திரண்டு நிற்கும். அல்ட்ராமரினில் உடனே தெரியும். கேன் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

செல்ஃபோனில் எடுத்த படத்தைப் பார்த்து வரையலாமா?

ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி வரைய வேண்டாம். சிவப்பிலும் ரோஸிலும் செல்ஃபோன் கேமரா தடுமாறும். இதழ் முழுக்க ஒரே தீப்பிழம்பாகி, உள்ளே இருக்கும் மென்மையான வேறுபாடுகள் மறைந்துவிடும். கிட்டத்தில் வைத்து எடுத்தால் முன்னால் இருக்கும் இதழ் ஊதிப் பெருத்துத் தெரியும். அளவுகளைப் பூவிலிருந்து எடுங்கள்.

பூச்சி கடித்த இலையை வரையலாமா, நல்ல இலையாக மாற்றிவிடலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் சுத்தமான அரைவட்டம் காணாமல் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புழுவின் வேலை என்று மருந்தடிக்க ஓடுகிறார்கள். அது இலைவெட்டித் தேனீ. வெட்டிய துண்டை அது தின்பதில்லை. சுருட்டிக் கொண்டுபோய் முட்டை வைக்கும் அறைக்குச் சுவராக அடுக்குகிறது. செடிக்குப் பெரிய சேதமும் இல்லை. நம் தோட்டங்களில் சர்வ சாதாரணம். அந்த வட்டத்தைத் தைரியமாக வரையுங்கள், படத்துக்கு ஒரு இடமும் காலமும் வந்துவிடும்.

கரும்புள்ளி நோய் வந்த இலை விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. நோயைக் காட்டுவதற்கென்றே வரையும் படமாக இருந்தால் சரி. ஒரு வகையின் அடையாளத்தைக் காட்டும் படத்தில் அது கவனத்தை இழுத்துக்கொள்ளும். அதே செடியில் வேறு இலை பாருங்கள். ஆனால் இல்லாத இலையைக் கற்பனையில் செய்யாதீர்கள்.

ரோஜாவின் பெயர் தெரியவில்லை. படத்தின் கீழே என்ன எழுதுவது?

தெருவில் வண்டியில் கொண்டுவந்து விற்பவர் சொல்லும் பெயரை எழுத வேண்டாம்; அடுத்த வாரம் அதே செடிக்கு வேறு பெயர் சொல்வார். "தோட்ட ரோஜா, ஒட்டு, சத்துவாச்சாரி, ஜனவரி" என்று இடமும் மாதமும் எழுதி, வருடத்தையும் சேர்த்தால் போதும். வகைப்பெயர் உறுதியாகத் தெரிந்தால் அதை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுவது உலக வழக்கம்.

ரெதூத்தே என்றீர்களே, அவர் யார்? நம் பக்கத்தில் இப்படி வரைந்தவர்கள் இல்லையா?

ரெதூத்தே 1759இல் இன்றைய பெல்ஜியத்தில் பிறந்தவர். நெப்போலியனின் மனைவி ஜோசபின் மல்மேசோன் மாளிகைத் தோட்டத்தில் சேர்த்த செடிகளை வரைந்தவர். அவருடைய ரோஜாப் படத் தொகுதிகள் 1817 முதல் 1824 வரை வெளிவந்தன. ஜோசபின் 1814லேயே இறந்துவிட்டார். அதில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறத்தைவிட காம்பின் வளைவுதான் என்பது என் எண்ணம். பூவின் எடையைக் காம்பு எப்படித் தாங்குகிறது என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் இல்லாமலா? சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் படங்களோடு 1838 முதல் 1853 வரை வெளியிட்டார். அந்தப் படங்களை வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்களான ரங்கையாவும் கோவிந்துவும். அந்தக் காலத்தில் ஓவியர் பெயரைப் போடாமலே அச்சிட்டுவிடுவது சகஜம், வைட் போட்டார். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். இப்போது அது வேறு பேரினத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது என்பது தாவரவியலில் நடப்பதுதான். ஊட்டி, பழனி மலைகளில் வெள்ளையாகப் பூத்துப் படரும் காட்டு ரோஜாவுக்கு அறிவியல் பெயர் வைத்தவர்களிலும் வைட் ஒருவர். ஐந்தே இதழ், நடுவில் மகரந்தத் தாள் கூட்டம். அடுக்கு ரோஜாவில் அந்தத் தாள்களில் பலதான் இதழாக மாறியிருக்கின்றன. உங்கள் பூவின் நடுவில் பாதி இதழும் பாதி தாளுமாக ஒன்றிரண்டு கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

பலவகை ரோஜாக்களை ஒரே இடத்தில் பார்க்க எங்கே போவது?

ஊட்டி அரசு ரோஜாப் பூங்கா. 1995இல் தொடங்கியது, உலக ரோஜாச் சங்கக் கூட்டமைப்பின் சிறந்த பூங்கா விருதை 2006இல் வாங்கியது. பறிக்க முடியாது, ஆனால் ஸ்கெட்ச் புத்தகத்தோடு ஒரு ஓரமாக உட்காரலாம். கூட்டம் இல்லாத வார நாளில் போங்கள். பக்கத்தில் என்றால் ஏலகிரி. ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால், கீழே வாணியம்பாடியில் வாடிப்போன அதே வகை அங்கே வீட்டு வாசல்களில் நிதானமாகப் பூத்திருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள், பெரும்பாலும் காபியும் வரும்.

வெப்பம் தாங்கும் ரோஜாக்களில் ஆர்வம் இருந்தால் கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதியர் இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கலந்து உருவாக்கிய வகைகளைத் தேடிப் பாருங்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரில் அவர்கள் உருவாக்கிய ரோஜா ஒன்றும் இருக்கிறது.

முடித்த படத்தை எப்படிப் பாதுகாப்பது?

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்குங்கள், சாதாரண அட்டை சில வருடத்தில் ஓரத்தை மஞ்சளாக்கிவிடும். ஃப்ரேம் கடையில் பின்பக்கம் நேரடியாகப் பிளைவுட் வைத்து ஆணி அடிப்பார்கள், முன்கூட்டியே சொல்லித் தடுத்துவிடுங்கள். வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம், ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். ஃப்ரேம் போடாத படங்களைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், பருத்திக் காகிதங்களுக்கு நடுவே படுக்கை வாட்டில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெள்ளிப்பூச்சி இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.